இருபதாவது வார ஸ்கேனில் இரைப்பை எங்கே இருக்கிறது? தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருஷம் தாதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தோட்டத்து ஜனங்களுக்கு இன்னமும் 'மிஸ்ஸி'தான். சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றாலும் யாராவது பிங்க் புத்தகத்தை (கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பதிவுப் புத்தகம்) நீட்டி, "இதில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், கொஞ்சம் பாருங்க மிஸ்ஸி" என்பார்கள். போன மாதம் அப்படி நீட்டிய ஒரு புத்தகத்தில் மூன்றே எழுத்து: சி.டி.எச். கூடவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். அந்தப் பெண்ணுக்கு 21 வாரம், முதல் பிள்ளை. புருஷன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். "வயிற்றில் இருக்க வேண்டியது நெஞ்சுக்குள் ஏறிப்போச்சாம் மிஸ்ஸி. அது எப்படி ஏறும்?" என்று கேட்டார். மீன் கடைக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிஷத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்ன கோளாறு இது

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மெல்லிய தசை ஒன்று குடை மாதிரி விரிந்திருக்கிறது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். அதில் பிறவியிலேயே ஓட்டை இருப்பதைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கி சி.டி.எச். என்று எழுதுகிறார்கள். கரு உருவாகிப் பத்து வாரத்துக்குள் அது முழுக்க மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒரு பக்கத்து மூலையில் மூடாமல் நின்றுவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகக் குடல், இரைப்பை, சில சமயம் கல்லீரலும் மேலே ஏறி நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இடது பக்கம், மீதியில் பெரும்பாலும் வலது பக்கம். பின்பக்க மூலையில் வரும் இந்த வகையை 1848இல் விவரித்தவர் போக்டலெக் என்ற செக் நாட்டு உடற்கூறு அறிஞர். கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, வேறு ஏதோ புது நோய் என்று பயப்பட வேண்டாம்.

ஓட்டையைக் கண்டுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஓட்டையை அறுவை சிகிச்சையில் தைத்துவிடலாம். டாக்டர்களுக்குத் தலைவலி கொடுப்பது நுரையீரல். குடல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அது சரியாக வளராது. அதன் இரத்தக் குழாய்களும் இறுகிப்போய், பிறந்த பிறகு நுரையீரலுக்குள் இரத்தம் பாய்வதே கஷ்டமாகிவிடும். வயிற்றுக்குள் இருக்கும் வரை பிள்ளைக்கு மூச்சு விட வேண்டிய தேவை இல்லை, நச்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்தே எல்லாம் கிடைத்துவிடுகிறது. அதனால் தாய்க்கு வலியும் இருக்காது, பிள்ளையும் நன்றாகவே உதைக்கும். தொப்புள்கொடியை வெட்டிய நிமிஷத்தில்தான் விஷயம் வெளியே வரும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஸ்கேனைத் தவிர வேறு வழியில்லை.

முதல் வேலை: தேதி

மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள், 12 வாரத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று ஐந்தாம் மாதம் வரைக்கும் வராதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒன்று. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் நீளத்தை அளந்து போடும் தேதிதான் சரியான தேதி. பின்னால் நுரையீரலை அளக்கும்போது, 'இந்த வாரத்தில் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். வாரக் கணக்கே தப்பு என்றால் அந்த ஒப்பீடும் தப்பாகிவிடும்.

இரண்டாவது: சரியான ஸ்கேனைக் கேட்டு வாங்குவது

கிளினிக்கில் அவ்வப்போது வயிற்றில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். இருதயம் துடிக்கிறதா, தலை எந்தப் பக்கம், நச்சுக்கொடி எங்கே, நீர் போதுமா, இப்படிப் பார்த்து முடித்துவிடுவார்கள். அது அவசியமான ஸ்கேன்தான். ஆனால் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது வேறு. அதை 'டீடெயில் ஸ்கேன்' என்று கேளுங்கள். 18இலிருந்து 22 வாரத்துக்குள் செய்வது வழக்கம். அரசாங்க கிளினிக்கில் எல்லாருக்கும் தானாகவே கிடைத்துவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயது கூடியவர்கள், முந்தைய பிள்ளைக்குக் குறை இருந்தவர்கள் என்று காரணம் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இருந்தால் 16ஆவது வாரத்திலேயே வாய் திறந்து கேளுங்கள், தேதி கிடைக்கவே சில வாரம் ஆகும். காரணம் ஒன்றும் இல்லாவிட்டால், காசு சேர்த்து வெளியே ஒரு பிரசவ நிபுணரிடம் ஒரே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வளைகாப்புக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் போதும் என்பது என் அபிப்பிராயம். மாமியார்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழந்தையின் முகத்தைப் பொம்மை மாதிரி காட்டுகிற படம் எடுத்துக்கொண்டு, "டீடெயில் ஸ்கேன் முடிஞ்சது மிஸ்ஸி" என்று வருகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு தனியார் இடத்தில் அப்படித்தான் எடுத்தாள். இடத்தின் பெயர் வேண்டாம். குழந்தை சிரிக்கிற படம், சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். 30 வாரத்தில் வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாகி, நீர் கூடியிருக்கிறது என்று அனுப்பியபோதுதான் நெஞ்சுக்குள் குடல் இருப்பது தெரிந்தது. குடல் மேலே ஏறி அழுத்தும்போது பிள்ளையால் பனிக்குட நீரைச் சரியாக விழுங்க முடியாமல் போவதுண்டு, நீர் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இருதயத்தின் நாலு அறை, இரைப்பை, சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் பார்த்து எழுத்தில் ரிப்போர்ட் தருவீர்களா?" தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

அன்றைக்கு

பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம். பிங்க் புத்தகம், பழைய ஸ்கேன் தாள்கள் கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் வரை ஆகலாம். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாலோ, தாய் கொஞ்சம் பருமனாக இருந்தாலோ எல்லாம் தெரியாது. "கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க" என்றோ, அடுத்த வாரம் வரச் சொல்லியோ அனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாத டாக்டர் நல்ல டாக்டர்.

டாக்டர் எதைப் பார்க்கிறார்

ஸ்கேன் படம் என்பது ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டிப் பார்ப்பது மாதிரி. டாக்டர் முதலில் தலை மேலேயா கீழேயா, முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து, குழந்தையின் இடது எது வலது எது என்று முடிவு செய்துகொள்வார். திரையில் தெரியும் இடது பக்கம் குழந்தையின் இடது பக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வில்லை. இருதயத்தின் நாலு அறையும் ஒன்றாகத் தெரியும் வில்லை அது. சாதாரணக் குழந்தைக்கு அதில் இரண்டு பக்கமும் நுரையீரல், நடுவில் கொஞ்சம் இடது பக்கமாக இருதயம், அதன் முனை இடது பக்கம் சாய்ந்து நிற்கும். வேறொன்றும் இருக்காது. இன்னும் கீழே இறங்கினால் வயிற்று வில்லை. அங்கே இடது பக்கம் கறுப்பாக ஒரு சின்னக் குமிழி தெரியும். அதுதான் இரைப்பை. விழுங்கிய நீர் நிறைந்திருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது.

இந்த இரண்டு வில்லையும் கலந்துவிட்டால்தான் சந்தேகம் வரும். இருதயம் தெரிகிற அதே வில்லையில் பக்கத்திலேயே அந்தக் கறுப்புக் குமிழியும் தெரிகிறது, கீழே வயிற்றில் அதைக் காணோம், இருதயத்தை யாரோ வலது பக்கம் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. இடது பக்கக் கோளாறுக்கு இதுதான் பெரிய அடையாளம். சில சமயம் நெஞ்சுக்குள் குடல் புழு மாதிரி நெளிவதையே பார்க்கலாம். உள்ளே இருக்க வேண்டியது மேலே போய்விட்டதால் வயிற்றுச் சுற்றளவும் சிறுத்துத் தெரியும்.

அதனால் புதிதாகப் போகிறவர்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியது: "இருதயமும் இரைப்பையும் ஒரே பக்கம்தானே டாக்டர்? இரைப்பை கீழேதானே இருக்கிறது?" படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. எத்தனையோ பெண்களுக்கு இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எல்லாம் இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரைப்பை கீழேயே இருந்து, வெறும் குடல் மட்டும் ஏறியிருந்தால் அது நுரையீரல் நிறத்திலேயே தெரியும். இருதயம் நகர்ந்திருப்பது ஒன்றே துப்பு. வலது பக்கம் என்றால் இன்னும் கஷ்டம். அங்கே மேலே ஏறுவது கல்லீரல், ஸ்கேனில் அதுவும் நுரையீரலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். கல்லீரல் இரத்தக் குழாய்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று, இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் வைத்துத்தான் பிடிக்க முடியும். உதரவிதானத்தின் கோடு தெரிகிறதே என்று விட்டுவிடவும் முடியாது, ஓட்டை பின்பக்கம் இருந்தால் முன்பக்கக் கோடு ஒழுங்காகவே தெரியும். சில குழந்தைகளுக்கு 20 வாரத்தில் ஓட்டை மட்டும் இருந்து, குடல் பின்னால்தான் ஏறும். அதனால் உலகம் முழுக்கவே இதில் கணிசமான பங்கு ஸ்கேனில் தப்பித்து, பிறந்த பிறகுதான் தெரிய வருகிறது. ஸ்கேன் சரியாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னால் டாக்டரைத் திட்டக் கூடாது. சரியாக இருந்ததே என்று மற்ற அறிகுறிகளை அலட்சியம் செய்யவும் கூடாது.

சந்தேகம் என்று எழுதிவிட்டால்

அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டீர்கள், அது சகஜம். மறுநாள் செய்ய வேண்டியது, கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்குவது. எங்கள் பக்கத்துக்கு அது ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து தேவையைப் பார்த்துக் கோலாலம்பூருக்கும் அனுப்பலாம். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கென்றே படித்த நிபுணர் மறுபடி பார்ப்பார். அவரை எம்.எஃப்.எம். டாக்டர் என்பார்கள். நுரையீரலிலேயே வரும் நீர்க்கட்டிகளும் முதல் பார்வைக்கு இதே மாதிரி தெரியும் என்பதால் இந்த இரண்டாவது பார்வை இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

அங்கே போகும்போது ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் பேச ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துவிடும். எந்தப் பக்கம்? கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா? நுரையீரல் அளவு எத்தனை? இருதயத்திலோ வேறு உறுப்பிலோ குறை உண்டா? பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், அங்கே குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறாரா? இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் பின்னால் தானாக வரும்.

நுரையீரல் அளவைப் பற்றிக் கொஞ்சம். 1996இல் அமெரிக்காவில் ஒரு குழு எல்.எச்.ஆர். என்ற கணக்கைக் கொண்டுவந்தது. நாலு அறை தெரியும் அதே வில்லையில், கோளாறு இல்லாத பக்கத்து நுரையீரலின் பரப்பை அளந்து, தலையின் சுற்றளவால் வகுப்பார்கள். ஆனால் வாரம் கூடக்கூட அந்த எண்ணும் கூடிக்கொண்டே போவதால், இப்போது 'அந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம்' என்று சொல்கிறார்கள். டாக்டர் 'ஓ பை ஈ' என்று சொன்னால் அது இதுதான். இடது பக்கக் கோளாறில் 25க்குக் கீழே என்றால் கடுமை. 45க்கு மேலே என்றால் லேசு. நடுவில் இருந்தால், கல்லீரல் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பரீட்சை மார்க் மாதிரி இதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒரே குழந்தைக்கே ஒருவர் அளந்தால் 32, இன்னொருவர் அளந்தால் 36 வரலாம்.

பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்துக் குரோமோசோம் சோதிக்கலாமா என்று கேட்பார்கள். இந்தக் கோளாறோடு குரோமோசோம் குறையும் இருதயக் குறையும் சேர்ந்து வருவது உண்டு, அப்படி வந்தால் நிலவரமே வேறு. ஊசி போடுவதால் கர்ப்பம் கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. வேண்டும் வேண்டாம் என்பது புருஷன் பெண்டாட்டி இருவரும் கலந்து முடிவு செய்ய வேண்டியது, பெரியம்மாவைக் கேட்க வேண்டியதில்லை.

கூகுளில் தேடுகிறவர்கள் 'வயிற்றுக்குள் இருக்கும்போதே பலூன் வைப்பார்களாமே' என்று வருவார்கள். உண்மைதான். கடுமையான நிலையில் 27 முதல் 29 வாரத்துக்குள் குழந்தையின் மூச்சுக்குழாயில் சின்ன பலூன் வைத்து அடைத்து, 34ஆவது வாரத்தில் எடுத்துவிடுவார்கள். நுரையீரலில் சுரக்கும் நீர் வெளியேறாமல் தேங்கி அதை வளரச் செய்யும் என்பது யோசனை. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கடுமையான இடது பக்கக் கோளாறுள்ள குழந்தைகளில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தர நிலையில் 63க்கு 50. அந்த வித்தியாசம் உறுதியான பலன் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. குறைப்பிரசவம் ஆகும் ஆபத்தும் கூடுகிறது. பலூன் உள்ளே இருக்கும்போதே வலி எடுத்துவிட்டால், அதை எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தைக்கு மூச்சே விட முடியாது. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிரசவத்துக்கு ஏற்பாடு

ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்ததால் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. எந்த இடத்தில் பிள்ளை பிறக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் அறுவை சிகிச்சை நிபுணரும் ஒரே கட்டடத்தில் உள்ள இடம் வேண்டும். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் அனுப்புவதைவிட, வயிற்றில் வைத்தே கொண்டுபோவது ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது என்று எங்கள் பழைய சிஸ்டர் ஒருவர் சொல்வார்.

பெரும்பாலும் 38, 39 வாரத்துக்குத் திட்டமிடுவார்கள். வேறு காரணம் இல்லாவிட்டால் சுகப்பிரசவமே போதும், இதற்காகவே வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நீர் கூடியிருப்பவர்களுக்குச் சீக்கிரமே வலி எடுக்கலாம். ஆகவே 36, 37 வாரத்திலிருந்து ஈப்போவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்த் தங்கிவிடுங்கள். முடியாவிட்டால் ராத்திரியில் காடி (கார்) எடுக்கக்கூடிய இரண்டு பேரின் நம்பர் சுவரில் எழுதி ஒட்டியிருக்கட்டும். பிங்க் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே 'சி.டி.எச்., பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வலி எடுத்து வழியில் வேறு எங்காவது போக நேர்ந்தாலும் பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும்.

லீவு விஷயமும் பேசிவிடலாம். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். கணவருக்கு 7 நாள், ஆனால் அதே முதலாளியிடம் ஒரு வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும், அதையும் தொடர்ச்சியாகத்தான் எடுக்க முடியும். குழந்தை ஆஸ்பத்திரியில் பல வாரம் இருக்கக்கூடும் என்பதால், வருஷ லீவைத் தீபாவளிக்கு என்று செலவழித்துவிடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறந்த அன்று என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். குழந்தையைத் தாயின் மார்பில் போட மாட்டார்கள். வீறிட்டு அழும் சத்தமும் கேட்காமல் போகலாம். உடனே தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவார்கள். முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றை அடித்தால் அது இரைப்பைக்குள்ளும் போய் நெஞ்சை இன்னும் நெரிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். இரைப்பைக் காற்றை எடுக்க இன்னொரு டியூப். அறுவை சிகிச்சை அன்றைக்கே நடக்காது. மூச்சும் இரத்த அழுத்தமும் நிலைக்கு வரக் காத்திருப்பார்கள், சில நாள் ஆகலாம். "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை" என்று வார்டில் சத்தம் போட்ட அப்பாக்கள் உண்டு. அந்தக் காத்திருப்பும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அந்த நாள்களில் தாய் செய்யக்கூடியது பாலைப் பீய்ச்சிச் சேர்த்து வைப்பது. முதல் நாளே தாதியிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

யார் மேல் பழி

கேட்காமல் இருக்க மாட்டார்கள். கிரகணத்தன்று வெளியே போனாள், பாரம் தூக்கினாள், வீட்டில் ஆணி அடித்தார்கள். ஆணிக் கதை பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடமிருந்து நம் வீட்டுக்குள் வந்தது என்று நினைக்கிறேன். இவற்றுக்கும் ஓட்டைக்கும் சம்பந்தம் இல்லை. மூடாமல் போகிறது என்றால் தாய்க்குக் கர்ப்பம் என்றே சரியாகத் தெரியாத வாரங்களில் நடக்கிற விஷயம் அது.

மருந்தடிக்கும் வேலை செய்தவர்கள் மட்டும் வேறு மாதிரி கேட்பார்கள், அவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் இந்தக் கோளாற்றை உண்டாக்கிப் பார்க்க, கர்ப்பமான எலிகளுக்கு நைட்ரோஃபென் என்ற களைக்கொல்லியைக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. மனிதர்களுக்கு அதனால்தான் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. நம் நாட்டில் 2020 ஜனவரி 1இல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் வேறு மருந்து. எதுவானாலும் கர்ப்பம் தெரிந்த அன்றே மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லி மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். அது பொதுவான பாதுகாப்பு. நடந்துபோனதற்காக உங்களைக் குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் பிறந்த குழந்தைக்கும் ஒரு வார்த்தை. மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது, நெஞ்சு உப்பி வயிறு மட்டும் ஒட்டிப்போயிருக்கிறது என்றால் சாம்பிராணி போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வேறு குறை எதுவும் சேராமல் இது மட்டும் வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கும் வருவது நூற்றில் ஒன்று இரண்டுதான். ஆனாலும் அடுத்த கர்ப்பத்தின் முதல் நாளே பழைய பிங்க் புத்தகத்தையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோனால், டீடெயில் ஸ்கேனுக்குக் கடிதம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

சந்தையில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இப்போது 26 வாரம். இடது பக்கம், கல்லீரல் கீழேயே இருக்கிறது, அளவு 41. ஈப்போ புந்தோங்கில் சின்னம்மா வீட்டுக்கு 36ஆவது வாரம் போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த ஸ்கேனுக்குக் கேள்வித் தாளைப் புருஷனே எழுதி வைத்திருக்கிறார். ஐந்து கேள்வி சொல்லிக் கொடுத்தேன், அவர் பதினோரு கேள்வி எழுதியிருக்கிறார்.